சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை!

2011ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மலைநாட்டில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள். மாமிக்குக் கண்ணில் புரை. அன்று காலை ஏழு மணிக்குக் கண்டியில் கிளினிக். சத்திரசிகிச்சைக்கு அன்றுதான் திகதி குறிப்பார்கள். ஸுப்ஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தால், கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு மாமி விறாந்தையில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

எங்களிடம் இருந்தது மனைவியின் வாப்பா விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தேன். எஞ்சின் நன்றாகத்தான் சுற்றியது. 'கிர்ர்... கிர்ர்...' என்று சத்தம் வந்ததே தவிர, பற்றிக்கொள்ளவில்லை. மறுபடி இழுத்தேன். மறுபடியும். இருபது நிமிடம் இப்படியே இழுத்ததில் பற்றறியும் படுத்துவிட்டது. வாடகை வேன் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அன்றைய இலக்கங்கள் முடிந்திருந்தன. மாமி இன்னும் மூன்று மாதம் மங்கிய கண்ணோடு இருக்க நேர்ந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பேசியது நான்தான். முந்தின நாள் மாலை ராத்தாவின் மகன் அந்தக் காரைக் கொண்டுபோய்ப் பெற்றோல் அடித்து வந்திருந்தான். 'மண்ணெண்ணெய் கலந்ததை எங்கேயோ மலிவாக ஊற்றிவிட்டு மிச்சக் காசை எடுத்துக்கொண்டாய்' என்று அவனுடைய உம்மாவுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

கராஜ் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பற்றறி முடிந்துவிட்டது என்றார். புதிது வாங்கினேன். கார் முன்னைவிட வேகமாகச் சுற்றியது, அவ்வளவுதான். பிறகு காபுரேட்டர் என்றார். கழற்றிக் கழுவிப் பூட்டினார். அதுவும் பயன் தரவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் பாதி போய்விட்டது. கடைசியில், வேலையை விட்டு வீட்டோடு இருந்த ஒரு வயதான பாஸ் நானாவைத் தேடிப் போனேன். சைக்கிளில் வந்தார். கொண்டுவந்தது ஒரு சிறு பல்பும், அதில் கோத்த இரண்டு முழ வயரும், ஒரு ஸ்குறூ ட்ரைவரும்தான். அன்று அவரிடம் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் நம்மவர்களில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். சகோதரிகளும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். காரணம் பின்னால் தெரியும்.

எஞ்சின் சுற்றுகிறது என்றால் பற்றறியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் தம் வேலையைச் செய்கின்றன என்று அர்த்தம். கிழவர் படியேறுவதுபோல் மெதுவாகச் சுற்றினால் மட்டும் பற்றறியைச் சந்தேகிக்கலாம். ஏனெனில் ஸ்டார்ட்டர் இருக்கிற கரென்டை எல்லாம் இழுத்துக்கொண்டால் தீப்பொறிக்கு மிச்சம் இராது. ஆனால் வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் இரண்டே கேள்விகள்தான்: பெற்றோல் வருகிறதா? தீப்பொறி வருகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரியும்வரை ஒரு சாமானும் வாங்கக்கூடாது. நான் பற்றறி வாங்கினேன்.

"ஹஸரத், சாவிய மட்டும் திருப்புங்க. குமிழ இழுக்க வாணாம். சத்தம் போடாமக் கேளுங்க" என்றார் பாஸ் நானா. சிவப்பு விளக்கு எரிந்தது. 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்டு நின்றது. மொரிஸ் மைனரில் இருப்பது மின்சாரப் பெற்றோல் பம்ப். பொனற்றுக்குள்ளேயே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் நாலைந்து தடவை தட்டிவிட்டு நின்றால் காபுரேட்டர் நிறைந்துவிட்டது என்று பொருள். நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. தட்டவே இல்லை என்றால் பம்புக்குள் இருக்கும் பொயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்பெனரின் பிடியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் பல தடவை உயிர் வந்துவிடும். சிவப்பு விளக்கே எரியாவிட்டால் சாவிப் பக்கத்திலிருந்து கரென்ட் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்து தேட வேண்டும். இந்தக் காரில் ஸ்டார்ட்டருக்குத் தனிக் குமிழ். சாவியைத் திருப்பாமலே இழுத்தாலும் அது சுற்றும். இதை மறந்து வியர்த்து விறுவிறுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்ததாகக் காபுரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டார். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பீச்சி அடித்தது. போத்தலை மூடி மதிலில் வைத்தார். "தண்ணி கலந்திருந்தா அடியில தங்கிடும் ஹஸரத்." பத்து நிமிடம் கழித்துப் பார்த்தோம். அடியில் ஒன்றும் இல்லை. ஒரு சொட்டை எடுத்து வெள்ளைத் தாளில் விட்டார். நல்ல பெற்றோல் அடையாளமே இல்லாமல் பறந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். தாள் காய்ந்தது. கறை இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் குழாயைத் திரும்பப் பூட்டினார். எனக்குத்தான் காது சுட்டது. ஒரு துண்டுத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் விடயத்தை, பார்க்காமலே ஒரு பிள்ளையின் தலையில் கட்டிவிட்டேன்.

பிறகு ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டினார். பெற்றோலில் நனைந்திருந்தது. பெற்றோல் உள்ளே போகிறது, எரியவில்லை. பிளக் காய்ந்திருந்தால் பெற்றோல் பக்கம் தேட வேண்டும். நனைந்திருந்தால் தீப்பொறிப் பக்கம். ஆனால் சோக்கை இழுத்துவிட்டு நெடுநேரம் சுற்றினாலும் பிளக் இப்படி நனையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அப்போது சோக்கை உள்ளே தள்ளி, எக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு சுற்றினால் சில தடவை பிடித்துக்கொள்ளும். எதுவானாலும் பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்றக்கூடாது. ஒரு நிமிடம் ஆறவிட வேண்டும். ஸ்டார்ட்டர் சூடேறிக் கருகிவிடும்.

தீப்பொறி பார்ப்பது ஆபத்தான வேலை, கவனம். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்து, பெற்றோல் குழாய்கள் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். சாரனின் நுனி, முந்தானை, ஜுப்பாக் கை எதுவும் காற்றாடிக்கு அருகில் போகக்கூடாது. பல ஆயிரம் வோல்ட் அது. இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தள்ளி நிற்க வேண்டும். கழற்றிய பிளக்கைத் திரும்பப் பூட்டிவிட்டு, கையிலிருந்த வேறொரு பிளக்கை அதன் வயரில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வைத்தார் பாஸ் நானா. என் மனைவி உள்ளே உட்கார்ந்து குமிழை இழுத்தார். 'டக் டக்' என்று நீல நிறத்தில் பொறி பறக்க வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் பெரும்பாலும் கொண்டென்சர்தான் கெட்டிருக்கும். எங்களுக்கு இரண்டும் இல்லை. கொயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் தடித்த வயரிலும் இதே சோதனை. அதிலும் இல்லை. அங்கே பொறி வந்து பிளக்கில் மட்டும் வராவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டரையும் பார்க்க வேண்டும். மழைக் காலத்தில் மூடியின் உட்புறம் வியர்த்து ஈரமாகும். மயிரிழை போன்ற கருங்கோடு விழுந்திருந்தாலும் பொறி வழிமாறிப் போய்விடும். நானும் முதல் நாள் மழையைத்தான் நினைத்து மூடியைத் துடைத்துப் பார்த்திருந்தேன்.

கொயிலிலேயே பொறி இல்லாததால் பல்பு வெளியே வந்தது. வயரின் ஒரு முனையைக் கொயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பக்கத்துத் திருகிலும், மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்தார். சாவியைத் திருப்பிவிட்டு எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். மொரிஸ் மைனருக்கு முன்பக்கம் கைப்பிடி செருகிச் சுற்றும் வசதி உண்டு. (கைப்பிடியைப் பிடிக்கும்போது பெருவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். சாவி போட்டிருக்கையில் எஞ்சின் திடீரெனப் பற்றித் திருப்பி அடித்தால் பெருவிரல் முறியும்.) பொயின்ட் திறக்கும்போது பல்பு எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கொயிலுக்குக் கரென்ட் வரவில்லை, அல்லது பொயின்ட் பக்கம் எங்கோ இரும்பில் பட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் பல்பு அணையவே இல்லை. பொயின்ட் சுத்தமாக இருந்தது. இடைவெளியும் சரியாக, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. பொயின்ட் மூடுகிறது, பல்பு அணையவில்லை. அப்படியானால் இடையில் எங்கோ வழி அறுந்திருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொயின்டுக்குப் போகும் சிறு வயர் ஒன்று உண்டு. விரலளவு நீளம். வெளித்தோல் பழுதில்லாமல் முழுதாக இருந்தது. தேநீர் கொண்டுவந்த மனைவி அதை இரண்டு விரலால் பிடித்து வளைத்துப் பார்த்தார். "இஸ்திரிப் பெட்டி வயரும் இப்படித்தான். வெளிய நல்லா ஈக்கும், உள்ள அறுந்திருக்கும்" என்றார். பாஸ் நானா சிரித்துக்கொண்டே தோலைச் சீவினார். உள்ளே செப்பு இழைகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அறுந்திருந்தன. பொயின்ட் பூட்டியிருக்கும் தட்டு எஞ்சினின் உறிஞ்சலுக்கேற்ப முன்னும் பின்னும் சற்று அசைகிறது. அத்தோடு அந்த வயரும் வளைந்து நிமிர்கிறது. 52 வருடம் வளைந்தால் எந்த வயரும் அறும். மெல்லிய இழைகள் பல சேர்ந்த, தளதளவென்ற வயரைத்தான் அந்த இடத்தில் போட வேண்டும். விறைத்த வயர் போட்டால் சீக்கிரமே மறுபடி அறுந்துவிடும். அரை மணி நேர வேலை. முதல் இழுப்பிலேயே கார் பிடித்துக்கொண்டது.

அன்று மஃரிபுக்குப் பிறகு ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். அவனுடைய உம்மாவுக்கு முன்னால்தான் குற்றம் சொல்லியிருந்தேன், அவருக்கு முன்னாலேயே மன்னிப்பும் கேட்டேன். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சற்று நேரம் கழித்து, "அந்த வயரக் காட்டுங்க மாமா" என்றான். சட்டைப் பையில்தான் இருந்தது.

இன்னும் சில. ஓடிக்கொண்டிருந்த கார் சூடேறி நின்று, அரை மணி ஆறியதும் தானே ஸ்டார்ட் ஆனால் கொயிலைச் சந்தேகியுங்கள். பொறியும் பெற்றோலும் இருந்தும் இருமுவதுபோல் காபுரேட்டர் வழியே திருப்பி அடித்தால், பிளக் வயர்களை இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இந்த எஞ்சினுக்கு வரிசை 1, 3, 4, 2. ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சுற்றும். அந்தக் காலத்து மொரிஸ் மைனரில் பற்றறியின் கூட்டல் முனைதான் கார் இரும்போடு பூட்டப்பட்டிருக்கும். புதுப் பற்றறி பூட்டுபவர் பழக்கதோஷத்தில் மாற்றிப் பூட்டிவிடக்கூடும், பக்கத்தில் நின்று பாருங்கள். கம்பியூட்டர் வைத்த புதிய கார்களில் பிளக் வயரைக் கழற்றிப் பொறி பார்க்கும் வேலையைச் செய்ய வேண்டாம். விலை கூடிய பாகங்கள் கருகிவிடும். அவற்றில் சாவியைக் கார் அடையாளம் காணாவிட்டால்கூடச் சுற்றிக்கொண்டே இருந்து ஸ்டார்ட் ஆகாத வகைகள் உண்டு. அதற்குரிய கருவி உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

பாஸ் நானா போகும்போது அந்தப் பல்பை எங்களிடமே விட்டுப்போனார். காரின் முன் தட்டில் இன்னும் கிடக்கிறது. 2012 பெப்ரவரியில் மாமியைக் கண்டிக்குக் கூட்டிப் போனது அதே கார்தான். ஓட்டியது மருமகன்.