கதிர்ச் சிகிச்சையும் வாய்ப்புண்ணும்

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலே கொழுந்துக் கூடையோடு வெற்றிலைப் பையும் மலையேறுவது நெடுநாளைய வழக்கம். அப்பையிலுள்ள பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்குக் காரணமாகும் என்பது இன்று ஐயத்துக்கு இடமற்ற உண்மை. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் அதுவே. இதனை எச்சரிப்போர் பலர் உளர். நோய் கண்டபின் கண்டிக்கோ, மஹரகம வைத்தியசாலைக்கோ கதிர்ச் சிகிச்சைக்குச் செல்பவர் படும் பாட்டை எடுத்துரைப்போர் சிலரே. ஆதலின் அதனையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

இச்சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாட்களாக 6 அல்லது 7 வாரங்கள் நீடிக்கும். கதிர் படும்போது நோவு தெரிவதில்லை. இரண்டாம், மூன்றாம் வாரங்களிலேதான் வாயின் உட்புறம் சிவந்து புண்ணாகிறது. விரைந்து பெருகும் புற்றுக் கலங்களை அழிக்கும் கதிர், அவ்வாறே விரைந்து புதுப்பிக்கப்படும் வாய்த்தோலின் கலங்களையும் தாக்குவதே காரணம். ரொட்டியும் கட்டச் சம்பலும் தொண்டையில் இறங்கா; பழகிய தேநீரும் சுவையற்றுப் போகும். சிகிச்சையே நோயைக் கூட்டிவிட்டது என்ற அச்சமும், நாட்சம்பளம் போகின்றதே என்ற கவலையும் ஒன்றுசேர, லயத்துக்குத் திரும்பிவிடலாம் என்று மனம் தூண்டும். அவ்வாறு திரும்புதல் பெருந்தீங்கு. சிகிச்சை நின்ற நாட்களில் எஞ்சிய புற்றுக் கலங்கள் மீண்டும் பெருகும். புண்ணோ, சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடும்.

அதுவரை கஞ்சியும் குழைந்த சோறும் ஆறிய பாலும் போதும். காரம், புளி, சுடுபானம் ஆகா. ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் சிறிதளவு உப்பும் அப்பச்சோடாவும் கரைத்துப் பலமுறை வாய் கொப்பளித்தல் நன்று. நோவு மிகுந்தால் வைத்தியரிடம் கூறி மருந்து பெற வேண்டும். பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பது வீரமன்று.

புண் ஆறினும் வறட்சி எளிதில் நீங்குவதில்லை. கதிர் பட்ட உமிழ்நீர்ச் சுரப்பிகள் சிலருக்கு வாழ்நாள் முழுவதும் குன்றியே இருக்கும். உமிழ்நீர் குறைந்த வாயில் பற்கள் விரைவிற் சொத்தையாகின்றன. ஆகவே, அடிக்கடி நீர் அருந்துதலும் புளோரைட் கலந்த பற்பசையால் துலக்குதலும் இன்றியமையாதன.

நம்மவர் அதிகம் அறியாத ஆபத்து ஒன்றுண்டு. கதிர் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைகிறது. பின்னர் அங்கே பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது எலும்பே அழியக்கூடும். இதனாலேயே, காக்க இயலாத பற்களைச் சிகிச்சைக்கு முன்னரே அகற்றி, அப்புண் ஆறுவதற்கு இரண்டு வாரங்களேனும் விடுகின்றனர். சிகிச்சை முடிந்து பத்தாண்டுகள் கழிந்திருப்பினும், பல் வைத்தியரின் நாற்காலியில் அமர்ந்தவுடன் நோயாளி முதலிற் கூற வேண்டிய செய்தி, தம் தாடையில் கதிர் பட்டிருக்கிறது என்பதே.