ஏற்றத்தின் உச்சியில் காத்திருப்போர்

இத்தாலி நாட்டின் வடபால், கோமோ ஏரிக்கரையிலுள்ள பெல்லாஜியோ ஊரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் மலையேறிச் சென்றால், 754 மீட்டர் உயரத்தில் ஒரு சிற்றாலயம் தென்படும். கிசால்லோ அன்னை ஆலயம் என்பது அதன் பெயர். கள்வரால் தாக்கப்பட்ட கிசால்லோ என்னும் பிரபு, அங்கிருந்த அன்னையின் திருவுருவத்தடியில் அடைக்கலம் புகுந்து உயிர் தப்பினார் என்பது செவிவழி வரலாறு. அன்று வழிப்போக்கரைக் காத்த அன்னையை இன்று சைக்கிள்காரர்கள் நாடிச் செல்கின்றனர். அவர்களுள் பலர் தத்தம் ஊர்க் கழகத்தாரோடு, ஒரே நிறச் சட்டையணிந்து, அணியணியாக வருகின்றனர்.

சைக்கிள் கழகம் என்றதும் பந்தயமும் வெற்றிக் கோப்பையுமே நம் நினைவுக்கு வரும். ஆயினும் ஊர்க் கழகங்களில் பந்தயத்துக்கென வருவோர் சிலரே. மற்றவர்கள் தோழமைக்காகவே வருகின்றனர். வாரந்தோறும் குறித்த இடத்தில் கூடி, இருவர் இருவராய்ப் புறப்படுவர். முன்செல்பவர் எதிர்காற்றைத் தாங்க, பின்வருபவர் அவருடைய முதுகின் மறைவில் களைப்பின்றி வருவார். சற்று நேரத்தில் முன்னவர் ஒதுங்கிப் பின்னே செல்ல, அடுத்தவர் காற்றைத் தாங்குவார். பாதையில் குழி இருப்பின் முன்னவர் கையால் சுட்டிக்காட்ட, அச்சைகை கடைசி ஆள்வரை செல்லும். ஒருவருடைய டயர் பஞ்சரானால் அனைவரும் நிற்பர். பிறருடைய சக்கரத்துக்கு ஒரு முழத் தொலைவில் செல்பவர் அவரை நம்பியே ஆகவேண்டும். அந்த நம்பிக்கைதான் வழியிலுள்ள காப்பிக் கடை மேசையில் நட்பாகிறது. அருகருகே செல்வோர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே பேசுவதால், வீட்டிலும் வெளியிடாத துயரம் சிலவேளை அங்கே வெளிப்படுவதுண்டு.

குறையே இல்லையென நாம் கூறவில்லை. வலிமையுள்ள இளைஞர்கள் ஏற்றத்தில் விரைந்து மறைந்துவிட, புதிதாய் வந்தவர் மூச்சிரைக்கத் தனியே நிற்பதும் நடக்கிறது. முதல் நாளிலேயே அவ்வாறு விடப்பட்டவர் மறுவாரம் வருவதில்லை. ஏற்றத்தின் உச்சியில் யார் காத்திருக்கிறார்கள் என்பதைக் கொண்டே ஒரு கழகத்தை மதிப்பிட வேண்டுமென்பது நம் கருத்து. பங்குச் சபைகளில் பணியாற்றுவோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை!

ஞாயிறு காலைப் பயணம் திருப்பலிக்கு இடையூறாகாதா எனப் பெற்றோர் வினவுவர். நியாயமான கேள்வியே. சனி மாலைத் திருப்பலியால் ஞாயிறு கடனை நிறைவேற்றத் திருச்சபை இடமளித்துள்ளது, மனமிருப்பின் வழியுண்டு.

கிசால்லோ அன்னையைச் சைக்கிள்காரரின் பாதுகாவலியாக அறிவிக்க வேண்டுமென முயன்றவர் அவ்வூர்ப் பங்குக்குரு எர்மெலிந்தோ விகானோ ஆவார். 1949-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அவ்வாறே அறிவித்தார். ஆலயச் சுவர்களில் வீரர்களின் சட்டைகள், கழகக் கொடிகள், மறைந்தோரின் நிழற்படங்கள் எனக் காணிக்கைகள் நிறைந்துள்ளன. புகழ்பெற்ற வீரர்களான பார்த்தாலி, கோப்பி ஆகியோரின் வண்டிகளும் அங்கு உண்டு. இறந்த சைக்கிள்காரர்களின் நினைவாக ஓர் அணையா விளக்கும் எரிகிறது.

அங்குள்ள பொருள்களுள் நம் நெஞ்சை உருக்குவது ஒரு வண்டி. கோமோ வட்டாரத்தைச் சேர்ந்த பாபியோ கசார்த்தெல்லி 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றவர். 1995 ஜூலை 18 அன்று பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் மலையிறக்கத்தில் வீழ்ந்து, 24 வயதில் உயிர்நீத்தார். மறுநாள் எவரும் போட்டியிடவில்லை. எதிரணியினர் உட்பட அனைவரும் மெதுவாக ஒன்றாகவே சென்றனர். எல்லைக்கோட்டை நெருங்கியதும் மற்றவர்கள் பின்தங்கிக்கொள்ள, அவருடைய அணித் தோழர்கள் மட்டும் முன்சென்று கடந்தனர். அன்றைய பரிசுத்தொகை அவர் குடும்பத்துக்கு வழங்கப்பட்டது. விபத்துக்குள்ளான அவருடைய வண்டி அன்னையின் ஆலயச் சுவரில் தொங்குகிறது. மலையேறி வரும் கழகத்தார் அதன் கீழ் நின்று செபிக்கின்றனர்.