தரம் நாலுக்கும் ஏழுக்கும் நடுவே
உப்புக் காற்று – 9

கண் பரிசோதனை நாள் என்றால் பிள்ளைகளுக்குப் பாதி விளையாட்டு நாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து விறாந்தைச் சுவரில் எழுத்து அட்டையை மாட்டுவார். ஆறு மீற்றர் அளந்து தரையில் சோக்கால் கோடு இழுப்பார். வரிசையில் நிற்பவர்கள், முன்னால் போனவன் வாசிப்பதைக் கேட்டே பாடமாக்கிவிடுவார்கள். ஒரு கண்ணைப் பொத்து என்றால் விரலிடுக்கால் பார்ப்பார்கள். பழகிய பரிசோதகர் இதெல்லாம் தெரிந்தவர். உள்ளங்கையால் பொத்தச் சொல்வார், அதே வரியை வலப்பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்வார். 6/12 என்று அவர் குறித்தால், நல்ல கண் 12 மீற்றரில் வாசிக்கும் எழுத்தை இந்தக் கண் 6 மீற்றருக்குக் கிட்ட வந்தால்தான் வாசிக்கும் என்று பொருள். 1862இல் நெதர்லாந்து வைத்தியர் ஸ்னெலன் அமைத்த அட்டை, கற்பிட்டி மணலிலும் இன்றைக்கு வேலை செய்கிறது.

ஆகவே நம் நாட்டில் பரிசோதனையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வாரிசுதான் இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. அங்கிருந்துதான் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பார்ப்பார்கள். 200 பேருக்குக் குறைந்த பாடசாலை என்றால் எல்லாரையும் பார்ப்பார்கள். ஏழை நாட்டுக்கு இது பெரிய ஏற்பாடு.

ஆனால் தரம் நாலையும் ஏழையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறும்பார்வை பெரும்பாலும் தலைகாட்டுவதும் வேகமாக ஏறுவதும் எட்டு வயதுக்கும் பதினாலு வயதுக்கும் இடையில். தரம் நாலில் ‘பார்வை சரி’ என்று எழுதப்பட்ட பிள்ளைக்கு அடுத்த வருடமே கரும்பலகை மங்கலாம். அந்த அடுத்த வருடம்தான் புலமைப்பரிசில் பரீட்சை. பெரிய பாடசாலையில் படிக்கும் பிள்ளையை முறைப்படி மறுபடி பார்ப்பது தரம் ஏழில். இடையில் உள்ள காலத்துக்கு அவனுக்குக் கிடைக்கும் பெயர் ‘கவனமில்லாத புள்ள’. பிள்ளை தானாகச் சொல்லவும் மாட்டான். எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொள்வான். ‘டீச்சர், முன்னால இருக்கிறவன் மறைக்கிறான்’ என்பதுதான் அதிகபட்சம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பங்கினர் வந்து சேர்ந்தது எங்கள் புத்தளம் மாவட்டத்துக்குத்தான். அன்று நெருக்கியடித்த வகுப்பறைகளில் கடைசி வாங்குப் பிள்ளையின் கண்ணை யார் கவனித்திருப்பார்?

சரி, கண்டுபிடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளையின் கையில் ஒரு துண்டு கொடுப்பார்கள். கண் கிளினிக்குக்குப் போக வேண்டும். கற்பிட்டி முனையிலிருந்து பாலாவி சுற்றிப் புத்தளத்துக்கு 40 கிலோமீற்றருக்கு மேல். வாப்பா கடலில் இருப்பார். உம்மா வெங்காயத் தோட்டத்திலோ கருவாட்டு வாடியிலோ அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். தெற்கே உடப்பிலும் இதே கதைதான். பருவம் வந்தால் கரைவலைக்காரர் முல்லைத்தீவுப் பக்கம் போய்விடுவார்கள், துண்டு அம்மாவின் தலையில். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, இறக்குமதி வில்லையும் பிரேமும் கூடவே ஏறின. அத்தோடு ‘பொம்புளப் புள்ளைக்கு இப்பவே கண்ணாடி போட்டா நாளைக்கு யார் டீச்சர் கட்டுவாங்க?’ என்ற கேள்வி. இதைக் கேட்டுச் சிரிக்கலாம். கேட்கிற தாய்க்கு அது சிரிப்பான விஷயமில்லை.

என்னைக் கேட்டால், பரிசோதனையைப் பெருக்குவதைவிட முதலில் செய்ய வேண்டியது அந்த 40 கிலோமீற்றரை ஒழிப்பது. கண்ணாடி பாடசாலைக்கு வரட்டும். தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் அந்த வழியில் போனது. மாணவருக்குக் கண் பார்த்து, கண்ணாடியையும் இலவசமாகக் கொடுத்தது. பெங்களூருப் பகுதிப் பாடசாலைகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு இன்னும் உதவியானது. இரு கண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே பவர் தேவைப்படும் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ஆயத்தக் கண்ணாடி கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு அளந்து செய்வித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அணிந்திருந்தார்கள். ஆயத்தக் கண்ணாடி என்றால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அன்றைக்கே, அதே விறாந்தையில் கொடுத்துவிடலாம். இரு கண்ணும் வெகுவாக வேறுபடுகிறவர்களையும் மாறுகண் உள்ளவர்களையும் மட்டும் வைத்தியசாலைக்கு அனுப்பினால் போதும். அங்கேயும் கூட்டம் குறையும்.

இலவசம் என்றால் எல்லாம் முடிந்தது என்பதல்ல. சீனாவின் கான்சு, ஷான்சி மாகாணங்களில் நடந்த பெரிய ஆய்வு 2014இல் வெளியானது. இலவசக் கண்ணாடி பெற்ற குழுவின் கணிதப் புள்ளி உயர்ந்தது. ஆனால் வருட முடிவில் நேரில் பார்த்தபோது அணிந்திருந்தவர்கள் நூற்றுக்கு 41 பேர்தான். மிச்சம் கண்ணாடிகள் மேசை லாச்சியிலோ புத்தகப் பையின் அடியிலோ கிடந்திருக்கும்.

அதனால் வகுப்பாசிரியர் வேண்டும். தவணைக்கொருமுறை தரம் ஐந்தையும் ஆறையும் அட்டைக்கு முன் நிறுத்த அவருக்கு அரைநாள் பயிற்சி கொடுத்தால் போதும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆசிரியர்களைப் பழக்கியே பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறது. கண்ணாடியைப் போடு என்று தினமும் சொல்ல அந்த ஆசிரியரால்தான் முடியும். கூடவே பாடசாலை அலுமாரியில் கொஞ்சம் மாற்றுப் பிரேமும் திருகாணியும் இருக்க வேண்டும். கடற்கரையில் சின்னத் திருகாணி சீக்கிரம் துருப்பிடிக்கும். கண்ணாடிக் காது கழன்ற அன்றே அந்தப் பிள்ளை கடைசி வாங்குக்குத் திரும்பிவிடும்.

(தொடரும்)