பத்தாவது கொதிப்பும் முதல் கொதிப்பும்

1976-இல் கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் ‘நியூ ஆல்பியன்’ என்ற சின்னஞ்சிறு பீர் ஆலை பிறந்தது. அதை அமைத்த ஜாக் மெக்காலிஃப் கடற்படைப் பணியில் ஸ்காட்லாந்தில் இருந்தவர். அங்கே குடித்துப் பழகிய ஏல் வகை பீர் ஊரில் கிடைக்காது என்பதால் வீட்டிலேயே காய்ச்சக் கற்றுக்கொண்டார். ஆலை வைக்க முனைந்தபோது அவ்வளவு சிறிய அளவுக்குக் கருவி செய்து விற்பவர் எவருமில்லை. குளிர்பான சிரப் வந்த பழைய பீப்பாய்களை வாங்கி, வெட்டி, பற்றவைத்துத் தானே கொப்பரைகளும் தொட்டிகளும் செய்துகொண்டார்.

அன்று அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதே சட்டவிரோதம். 1920-இல் வந்த மதுவிலக்கு 1933-இல் நீங்கியபோது, வீட்டில் ஒயின் செய்துகொள்ள இடம் கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. வயதுவந்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் காய்ச்சலாம், விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகத்தான் வழிக்கு வந்தன. மிசிசிப்பியும் அலபாமாவும் அனுமதித்தது 2013-இல்.

இன்று புதிதாகக் கற்பவருக்கு எல்லாம் கடையிலேயே கிடைக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த ஈஸ்ட், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் காற்றுப் புகாத பொட்டலத்தில் பல ரகம், வெப்பத்தைத் தானே காக்கும் மின்கொப்பரை என்று எதற்கும் அலைய வேண்டியதில்லை. சிறு ஆலைக்கான எஃகுத் தொட்டிகளையும் விலைப்பட்டியல் பார்த்தே வாங்கலாம். 1970-களின் இறுதியில் நூறுகூடத் தேறாத அமெரிக்க பீர் ஆலைகள் இன்று ஒன்பதாயிரத்துக்கும் மேல். நெருக்கடியும் அங்கேதான் இருக்கிறது. அன்று இடம் காலியாக இருந்தது, கருவி இல்லை. இன்று கருவி இருக்கிறது, இடம் இல்லை. 2024-இல் அங்கே புதிதாகத் திறந்த ஆலைகளைவிட மூடியவை அதிகம்.

ஒன்று மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. வீட்டில் ஒரு தடவை காய்ச்சுவது, அதாவது ஒரு கொதிப்பு, ஏறக்குறைய 19 லிட்டர். அதை ஐம்பதால் பெருக்கினால் ஆலைக்கான பக்குவம் வந்துவிடாது. ஈஸ்ட் வேலை செய்யும்போது வெப்பம் பிறக்கிறது. சிறு வாளியிலிருந்து அது தானே வெளியேறிவிடும். பெரிய தொட்டியில் உள்ளேயே தங்கும், குளிரூட்டாவிட்டால் சுவை கெடும். ஹாப்ஸிலிருந்து இறங்கும் கசப்பும் கொப்பரையின் அளவோடு மாறுகிறது. தோசை மாவு ஒருநாள் கூடுதலாகப் புளித்தால் வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள். காசு கொடுத்துச் சாப்பிட வந்தவர் பொறுப்பாரா?

இதை நன்றாக உணர்ந்தவர் கென் கிராஸ்மன். கலிபோர்னியாவின் சீக்கோ நகரில் வீட்டு பீருக்கான பொருட்களை விற்றுக்கொண்டிருந்த அவர், பால்பண்ணைகளின் பழைய தொட்டிகளைக் கொண்டு ‘சியரா நெவாடா’ ஆலையைக் கட்டினார். 1980-இல் காய்ச்சத் தொடங்கியவர், தம் ‘பேல் ஏல்’ பீர் ஒவ்வொரு தடவையும் ஒரே சுவையில் வரும்வரை கொதிப்பு கொதிப்பாகக் கீழே ஊற்றினார். கையில் பணம் இல்லாத காலத்தில் எடுத்த முடிவு அது. நியூ ஆல்பியன் 1982-இல் மூடப்பட்டது. அதன் தொட்டிகள் மிகச் சிறியவை, விற்பனை செலவைத் தாங்கவில்லை. சியரா நெவாடா இன்றும் நடக்கிறது.

ஆலை கனவோடு காசு சேர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஒரே பீரைப் பத்து முறை காய்ச்சிப் பாருங்கள். பத்தாவது கொதிப்பு முதல் கொதிப்பைப் போலவே இருந்தால், அன்றைக்கு இடம் தேடுங்கள்.