குறுவைக் காற்றும் சீரியக் காந்தமும்

தஞ்சை மாவட்டத்தில் குறுவை நாற்றங்கால் மேட்டூர்த் தண்ணீருக்காகக் காத்திருப்பதில்லை. ஜூன் 12-ஆம் தேதி அணை திறந்தாலும் தள்ளிப்போனாலும், பம்புசெட் உள்ளவர்கள் மோட்டாரை நம்பி நாற்று விட்டுவிடுகிறார்கள். அந்த மாதங்களில் அவர்களுக்கு வேண்டியது மும்முனை மின்சாரம். தமிழ்நாட்டில் காற்று பலமாக வீசுவதும் அதே பருவத்தில்தான். ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் உடுமலையிலும் நிற்கும் காற்றாலைகள் மே முதல் அக்டோபர் வரைதான் ஆண்டின் பெரும்பங்கு மின்சாரத்தைத் தருகின்றன. மாநிலத்தின் காற்றாலை நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்று வளம் மிக்க நிலங்களில் பெரும்பகுதி நிரம்பிவிட்டது. மிச்சமிருப்பது கடல். தமிழகக் கடற்பகுதியில் ஏறக்குறைய 35,000 மெகாவாட் எடுக்கலாம் என்பது சென்னையிலுள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் கணிப்பு. தமிழகத்திலும் குஜராத்திலும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைகளுக்கு உதவ, 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆனாலும் 2025 முடியும்வரை இந்தியக் கடலில் ஒரு காற்றாலைகூடச் சுழலவில்லை. செலவுதான் முதல் தடை. அந்தச் செலவுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கேள்வி, ஜெனரேட்டருக்குள் வைக்கும் காந்தத்தை எதனால் செய்வது என்பது. உலகிலேயே வலிமையான காந்தத்தைத் தேடுவதைவிட, நம் மணலில் இருப்பதைக் கொண்டு போதுமான வலிமையுள்ள காந்தத்தைச் செய்வதே நம் ஆய்வகங்களுக்கு ஏற்ற வேலை என்பது என் வாதம்.

காந்தத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? கம்பிச் சுருளில் உண்டாகும் மின்னழுத்தம் இரண்டைப் பொறுத்தது: காந்தப்புலத்தின் வலிமை, அது கடக்கும் வேகம். பெரிய காற்றாலையின் இறக்கைகள் நிமிடத்துக்குப் பத்துச் சுற்றுகூட முழுதாகச் சுற்றுவதில்லை. நிலத்தில் நிற்பவை பெரும்பாலும் கியர்பாக்ஸ் வைத்து அந்த வேகத்தை ஆயிரம் சுற்றுக்கு மேல் உயர்த்திக்கொள்கின்றன. நடுக்கடலில் கியர்பாக்ஸ் பழுதானால் கதை வேறு. கிரேன் பொருத்திய தனிக் கப்பல் வரவேண்டும், அலை அடங்கும்வரை அது காத்திருக்கவேண்டும், அதுவரை மின்சாரமும் வராது. அதனால் கியர்பாக்ஸையே விட்டுவிட்டு, ஜெனரேட்டரை இறக்கைகளோடு நேராக இணைக்கும் முறை கடலில் பரவியது. வேகத்தில் இழந்ததைக் காந்தப்புலத்தில் ஈடுகட்டியாக வேண்டும். இம்முறையில் ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ காந்தம் தேவை. 222 மீட்டர் விட்டமுள்ள 14 மெகாவாட் காற்றாலை ஒன்றுக்கே எட்டு டன்னுக்கு மேல். காந்தமே வேண்டாம், செப்புச் சுருளில் மின்சாரம் செலுத்தி மின்காந்தமாக்கலாமே என்று கேட்கலாம். ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் நிலத்தில் அப்படித்தான் நெடுங்காலம் செய்துவந்தது. ஆனால் அந்த ஜெனரேட்டர் கனமானது. சுருளை உயிர்ப்பிக்கவே கொஞ்சம் மின்சாரம் போய்விடும். கடலில் உச்சியில் ஏறும் ஒவ்வொரு டன்னும் கோபுரத்தையும் அடித்தளத்தையும் பெருக்கவைக்கும் என்பதால் அங்கே நிலைக்காந்தத்துக்கே ஆதரவு அதிகம்.

இன்று அந்த இடத்தில் இருப்பது நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த கலவை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். இரண்டு நியோடிமியம் அணுவுக்குப் பதினான்கு இரும்பு அணு, ஒரு போரான் அணு என்பது கணக்கு. காந்த வலிமையில் பெரும்பகுதியை இரும்பு தருகிறது. அந்த வலிமை திசை மாறாமல் பிடித்துவைப்பது நியோடிமியத்தின் வேலை. உருக்கிய கலவையை ஹைட்ரஜன் ஊட்டி நொறுக்கி, சில மைக்ரான் அளவுக்குப் பொடியாக்குகிறார்கள். காற்றுப் பட்டால் தீப்பிடிக்கக்கூடிய பொடி அது. காந்தப்புலத்தில் எல்லாத் துகளையும் ஒரே திசையில் நிறுத்தி அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு, துருப்பிடிக்காமல் மேற்பூச்சு பூசினால் காந்தம் தயார். ஒலிபெருக்கியில் இருக்கும் சாதாரண ஃபெரைட் காந்தம் இதன் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கையே எட்டும். சூட்டில் வலிமை குன்றாதிருக்க டிஸ்ப்ரோசியம் என்ற இன்னொரு தனிமத்தைச் சிறிது சேர்ப்பார்கள்.

நியோடிமியம், டிஸ்ப்ரோசியம் போன்ற இந்த அருமண் தனிமங்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. திருவிதாங்கூர்க் கடற்கரையிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பர்க் 1909-இல் மோனசைட் என்ற அருமண் கனிமத்தைக் கண்டார்; மணவாளக்குறிச்சியின் கனிம மணல் தொழில் அங்கிருந்து தொடங்கியது. இன்று அங்கே மணலைப் பிரிப்பது பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். நாடு முழுவதும் 1.3 கோடி டன்னுக்கு மேல் மோனசைட் இருப்பதாக அணுசக்தித் துறை சொல்கிறது. ஆனால் அதன் உள்ளடக்கம் நமக்கு வசதியாக அமையவில்லை. அதிலுள்ள அருமண் தனிமங்களில் ஏறக்குறைய பாதி சீரியம், அதற்கடுத்து லாந்தனம்; நியோடிமியம் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். டிஸ்ப்ரோசியம் மிகச் சொற்பம். ஒரு கிலோ நியோடிமியத்துக்குத் தோண்டினால் இரண்டு கிலோவுக்கு மேல் சீரியம் கூடவே வரும். கண்ணாடி மெருகேற்றுவது போன்ற வேலைகளுக்குப் போக மிஞ்சுவதற்கு விலை இல்லை. 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம் உட்பட ஏழு தனிமங்களின் ஏற்றுமதியைச் சீனா கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில், ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் உள்நாட்டிலேயே செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. ஆலை கட்டப் பணம் கிடைத்துவிடும். ஆலைக்குள் போடும் நியோடிமியம் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி.

இங்கேதான் முனைவர் பட்ட ஆய்வாளரின் மேசை முக்கியமாகிறது. நியோடிமியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் சீரியத்தை வைத்தால் என்ன ஆகும்? நியோடிமியக் கலவை சுமார் 312 டிகிரி செல்சியஸில்தான் காந்தத்தன்மையை இழக்கும். முழுச் சீரியக் கலவையோ 150 டிகிரியை ஒட்டியே இழந்துவிடும்; வலிமையும் குறைவு. ஆகவே முழுதாக மாற்ற முடியாது. எவ்வளவு மாற்றலாம், மாற்றியதைத் துகளுக்குள் எங்கே வைக்கலாம் என்பதே ஆய்வு. 2018-இல் டொயோட்டா ஒரு வழி காட்டியது. துகளை வழக்கத்தில் பத்தில் ஒரு பங்காகச் சிறிதாக்கி, உள்ளே லாந்தனமும் சீரியமும், அரிசியைச் சுற்றிய உமி போல மேலே மட்டும் நியோடிமியம் செறிந்திருக்கும்படி செய்தார்கள். காந்தத்தின் திசை முதலில் புரளத் தொடங்குவது துகளின் விளிம்பில். அங்கே காவல் பலமாக இருந்தால் உள்ளே மலிவான பொருள் போதும். ஆய்வாளர் ஆர்கான் நிரப்பிய மின்வில் உலையில் சில கிராம் கலவையைத் திருப்பித் திருப்பி உருக்குவார். எக்ஸ்-கதிர் படத்தில் சீரியமும் இரும்பும் தனியே கூடி, காந்தத்துக்கு உதவாத சேர்மம் உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு காந்தமானியில் வைத்து, எதிர்ப்புலத்தை எதுவரை தாங்குகிறது என்று வளைகோடு வரைவார். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் இயங்கும் ஏ.ஆர்.சி.ஐ. என்ற ஆய்வு நிறுவனத்தின் மையம் வாகன மோட்டார்க் காந்தங்களில் ஈடுபட்டிருக்கிறது. அந்த அனுபவம் காற்றாலைக்கும் உதவும்.

வலிமை குறைந்த காந்தத்தால் ஜெனரேட்டர் பெருக்காதா என்பது நியாயமான கேள்வி. கொஞ்சம் பெருக்கும். ஆனால் கார் மோட்டார் 150 டிகிரியைத் தொடும் நெருக்கமான இடம். குளிர்ந்த கடற்காற்று வீசும் காற்றாலை ஜெனரேட்டர் அவ்வளவு சுடுவதில்லை. வெப்பத்தில்தான் சீரியத்தின் பலவீனம் பெரிதாகத் தெரியும் என்பதால், அதற்கு இடம் கொடுக்கக்கூடிய எந்திரங்களில் காற்றாலை முக்கியமானது. அருமண்ணே இல்லாத காந்தத்துக்கு ஏன் பாயக்கூடாது என்றும் கேட்பார்கள். விண்கற்களில் இரும்பும் நிக்கலும் பல பத்து லட்சம் ஆண்டுகள் மெல்ல ஆறி அடுக்கடுக்காக அமைந்த டெட்ராடேனைட் என்ற கனிமம் அந்த ஆசையைக் கிளப்புகிறது. இரும்பு நைட்ரைடும் அப்படியே. இவற்றையும் ஆராயத்தான் வேண்டும். ஆனால் டன் கணக்கில் வார்த்து, உப்புக் காற்றில் இருபத்தைந்து ஆண்டு நிற்கும் என்று நிரூபிக்க அவற்றுக்கு வெகுதூரம் இருக்கிறது. சீரியம் கலந்த காந்தமோ இருக்கும் ஆலையிலேயே, இருக்கும் முறையிலேயே செய்யத்தக்கது.

கடைசி மறுப்பு டெல்டாவுக்கு நன்கு தெரிந்தது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் எதிர்ப்புக்குப் பிறகு 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பெற்ற மண் இது. தூய மின்சாரம் என்ற பெயரில் இன்னொரு கடற்கரையைத் தோண்டலாமா என்று இங்குள்ளவர்கள் கேட்பது சரியே. கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்க்கிறார்கள். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அவர்கள் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. இந்த ஆய்வு அந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிடாது, ஆனால் அளவைக் குறைக்கும். காந்தத்தில் நான்கில் ஒரு பங்கு நியோடிமியத்துக்குப் பதில் சீரியம் வந்தால், அதே எடையுள்ள காந்தத்துக்கு நான்கில் ஒரு பங்கு மணல் குறைவாகத் தோண்டினால் போதும். ஏற்கெனவே பிரித்துக் கிடக்கும் சீரியமும் பயன்படும். தமிழகத்தின் முதல் 500 மெகாவாட்டும் நேரிணைப்பு முறையில் அமைந்தால் அதற்குச் சுமார் 300 டன் காந்தம் வேண்டும். அந்தக் கணக்கில் கால் பங்கு என்பது ஒரு கிராமத்தின் கடற்கரையாக இருக்கலாம். ஆகவே நம் பல்கலைக்கழகங்கள் காந்த ஆய்வுக்கு நிதி கேட்கும்போது, எவ்வளவு வலிமை என்ற கேள்வியோடு, ஒரு டன் மோனசைட்டில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்தும் என்ற கேள்விக்கும் விடை எழுதச் சொல்லவேண்டும்.