நூலைப் பல்லில் கடிக்கும் முன்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண் மொட்டைத் தலையோடு பஸ் ஏறினால், பக்கத்து சீட்டுக்காரம்மா "இருக்கன்குடி கோயிலுக்கு முடி குடுத்தீங்களா?" என்றுதான் கேட்பார். என் மதினியும் ஆமாம் என்றே சொல்லி வந்தார். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, மூன்றாவது கீமோ ஏற்றியிருந்த நேரம். மகனுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மிச்சமிருக்கும் புருவத்தையாவது சரி பண்ணிக்கொள்ளலாம் என்று முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பார்லருக்குப் போனார்.

அங்கிருந்த பெண்ணுக்கு விஷயம் தெரிந்ததும் கை நடுங்கிவிட்டது. "யக்கா, இது ஒட்டிக்குமா?" என்று கேட்டாள். "ஒட்டாது தாயி" என்றார் மதினி. உடனே மனம் இளகி, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவத்தில் இறங்கினாள். சும்மா அனுப்ப மனசு வராமல் இரண்டு கைக்கும் வாக்ஸிங் செய்துவிட்டாள். காசுகூட வாங்கவில்லை. மூன்றாம் நாள் மதினிக்குக் காய்ச்சல். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை அந்த வாரத்திலேயே வீங்கியது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயப்பட வேண்டாத இடத்தில் பயந்தாள், பயப்பட வேண்டிய இடத்தில் யாரும் அவளை எச்சரித்திருக்கவில்லை. ஃபேஷியலும் பெடிக்யூரும் சொல்லித் தரும் வகுப்புகளில் புற்றுநோயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் போதும், இது நடந்திருக்காது. அந்த ஒரு மணி நேரத்தை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், முடி ஏன் கொட்டுகிறது? அதைச் சொல்ல நம் கரிசல் காட்டுக்கே போகலாம். வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தானாக முளைத்து, தண்ணீர் ஊற்றாமலே வருஷம் முழுக்கப் பூக்கும் நித்தியகல்யாணியைத் தெரியாதவர் இல்லை. தென் மாவட்ட மானாவாரி நிலங்களில் அவுரியைப் போல இதையும் பயிர் செய்து இலையையும் வேரையும் விற்கிறார்கள். 1950களில் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் இதன் இலையைச் சோதித்தார். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று அங்கிருந்து வந்த இலை அது. எலிகளின் ரத்தத்தில் சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் இறங்கின. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய் என்ற யோசனை பிறந்தது. நோபிளும் சார்லஸ் பியரும் அந்த இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்து 1958இல் அறிவித்தார்கள். அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் ஏற்றப்படுகிறது.

ஒரு செல் இரண்டாகும்போது தன் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிப்பதற்கு மெல்லிய நூல்களைக் கட்டிக்கொள்கிறது. நித்தியகல்யாணி மருந்து அந்த நூலைக் கட்ட விடாது. செல் பாதியில் நின்று செத்துவிடும். மற்ற கீமோ மருந்துகள் வேறு வேறு இடத்தில் கை வைத்தாலும் குறி ஒன்றுதான்: வேகமாகப் பெருகும் செல். புற்று செல்லா, நல்ல செல்லா என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடம்பில் வேகமாகப் பெருகும் நல்ல செல்கள் முடியின் வேர்க்குமிழிலும், வாய், குடல் உட்தோலிலும், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கின்றன. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அதில் பத்துக்கு ஒன்பது எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் முடி கொட்ட வைக்கும் மருந்துகளில் முதல் ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் தலை கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. புருவத்தில் ஒரே நேரத்தில் வளரும் முடி குறைவு. ஆகவே அது பிந்தி உதிரும். மருந்து நின்றபின் ஒன்று முதல் மூன்று மாதத்தில் பூனைமுடி தலைகாட்டும், சிலருக்குச் சுருட்டையாக.

முடி கொட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளை அணு குறைவது தெரிவதில்லை, ஆபத்து அதில்தான். பெரும்பாலான கீமோ மருந்துகளில் ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அந்த நாட்களில் புருவத்தில் நூல் போடும்போது தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். வாயில் கடித்த நூலோடு எச்சிலும் அதிலுள்ள கிருமிகளும் அந்தத் துளைகளுக்கு வந்து சேரும். நமக்கென்றால் ஒரு சின்னக் கொப்புளத்தோடு போய்விடும். கீமோ ஊசி போட்டவருக்கு அது காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகலாம். நகத்தோரச் சதையை வெட்டுவதும் பருவைக் கிள்ளுவதும் இதே கணக்குத்தான். எனவே வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கடைசி ஊசி எப்போ போட்டீங்க, அடுத்தது எப்போ?" கீமோ நாட்களில் புருவத்துக்குப் பென்சில் போதும். நகத்தை வெட்டி ராவி விடலாம். ஊசி போட்டவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரி என்றாலும் காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கை வீங்கியது வேறு கதை. காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்று நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நெறிதான் நிணநீர்க் கணு. தோலுக்கடியில் ஊறும் நீரை வாங்கி, கிருமியை வடிகட்டி, திரும்ப ரத்தத்துக்கு அனுப்பும் மடை. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனில் அக்குளில் உள்ள இந்தக் கணுக்களைப் பலருக்கு எடுத்துவிடுவார்கள். மடை போன வாய்க்கால் போலத்தான் அதன்பின் அந்தக் கை. சின்னச் சூடு, சின்னக் கீறல், ஒரு கிருமி என எது வந்தாலும் நீர் தேங்கி வீங்கலாம். ஒருமுறை வீங்கினால் முழுக்க வற்றுவது கடினம். பத்து வருஷத்துக்கு முன் ஆபரேஷன் ஆனவருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அந்தக் கைக்குச் சூடான மெழுகு வேண்டாம், பிளேடு வேண்டாம், அழுத்தித் தேய்க்கும் மசாஜ் வேண்டாம். "எந்தப் பக்கம் ஆபரேஷன்?" என்று கேட்பது இரண்டாவது கேள்வி.

மசாஜ் செய்தால் புற்று பரவும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மெதுவாக எண்ணெய் தடவி நீவி விடுவதால் அது பரவுவதில்லை. கட்டி இருக்கும் இடத்தையும் ஊசி ஏற்றப் பொருத்திய குழாயையும் விட்டுவிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக வலித்தால் அந்தக் காலைத் தொடவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், புற்றுநோயாளிகளுக்கு அந்த வாய்ப்பு அதிகம். உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

கதிர்வீச்சு சிகிச்சையை நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். அதில் உடம்புக்குள் கரண்ட் எதுவும் போவதில்லை. எக்ஸ்-ரே இனத்தைச் சேர்ந்த, ஆனால் பல மடங்கு வலுவான கதிர் அது. தோலின் அடியடுக்கில் இருக்கும் செல்கள்தான் பெருகி மேலே வந்து, சுமார் நான்கு வாரத்தில் பழைய தோலை மாற்றுகின்றன. கதிர் அந்த அடியடுக்கைத் தாக்குவதால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு சிவந்து, கறுத்து, சிலருக்கு உரியும். அந்த இடத்தில் பிளீச், ஸ்டீம், ஸ்க்ரப் கூடவே கூடாது. நல்லது என்று நினைத்து மஞ்சளும் சந்தனமும் அப்புவதும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். தோலில் மையால் போட்ட கோடுகளும் புள்ளிகளும் இருந்தால் அழுக்கென்று தேய்த்துவிடாதீர்கள். ஒவ்வொரு நாளும் கதிரை அதே இடத்தில் குறிவைக்கப் போட்ட அடையாளம் அது.

இதெல்லாம் பார்லர் பெண்ணுக்கு ஏன் தெரிய வேண்டும்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தை 12 படுக்கைகளோடு தொடங்கிய காலத்தில் தெற்கத்திக்காரர்கள் பலர் புற்றுநோய் சிகிச்சைக்கு ரயிலேறி சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது திருநெல்வேலியிலும் மதுரையிலும் அரசு மருத்துவமனைகளிலேயே கீமோ கிடைக்கிறது. காலையில் பஸ் ஏறிப் போய், மருந்தேற்றிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்புகிறார்கள். இரண்டு ஊசிக்கு நடுவில் கல்யாணத்துக்குப் போகிறார்கள், பார்லருக்கும் வருகிறார்கள். அமெரிக்காவில் அழகுக்கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு இந்த நோயாளிகளுக்கென்றே ஒரு திட்டம் 1989 முதல் நடக்கிறது. நம் பெண்களுக்கும் அது கிடைக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நோய் தெரியவருமுன்பே அதைப் பார்த்துவிடக் கூடிய இடத்தில் பார்லர் பெண் இருக்கிறாள். டாக்டர் பார்க்காத பிடரி, உள்ளங்கால், தலைவகிடு எல்லாம் அவள் கண்ணில் படும். இந்த வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸிலோ பட்டாசுத் தீயிலோ அடுப்பிலோ பட்ட பழைய தீத்தழும்பு பல பேர் உடம்பில் இருக்கிறது. இருபது முப்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தழும்பில் ஒரு புண் வந்து ஆறாமல், ஓரம் தடித்து, ரத்தம் கசிந்தால் அது தோல் புற்றாக இருக்கலாம். பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் 1828இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்கும் புண் இது. க்ரீம் தடவி மறைக்கிற விஷயமில்லை.

மச்சத்தையும் மருவையும் சுட்டு எடுக்கும் பார்லர்கள் இருக்கின்றன. இதில் மட்டும் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: மச்சத்தில் கை வைக்காதீர்கள். சுட்டுவிட்டால் மேலே இருப்பது கருகிப்போகும், சோதிக்கச் சதை மிஞ்சாது. அது கெட்டதாக இருந்தால் அடியில் இருப்பது வளர்ந்துகொண்டே இருக்கும்.

மெலனோமா என்ற கொடிய தோல் புற்று நம் நாட்டில் அரிது. ஆனால் கறுத்த தோல்காரர்களுக்கு வரும்போது அது வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்துக்கடியிலும்தான் பெரும்பாலும் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் விரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்கள். ஃபுட்பால் ஆடியபோது பட்ட அடி என்று முதலில் நினைத்திருந்தார். 1981இல், 36 வயதில் இறந்தார். நம் பெண்கள் சீமைக்கருவேல முள் குத்தியது என்பார்கள், மருதாணியைப் போட்டு மூடிவிடுவார்கள்.

பெடிக்யூருக்கு வந்தவரின் காலை வெந்நீரில் ஊற வையுங்கள். பித்தவெடிப்பில் ஏறிய கரிசல் கறை தேய்த்தால் போய்விடும். பழைய பாலிஷையும் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் பத்து நகத்தையும் பாருங்கள். பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடு இருந்தால் அது பெரும்பாலும் நம் தோலின் இயல்பு. ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போய், கறுப்பு நகத்தை மீறிச் சதையிலும் இறங்கியிருந்தால் அது வேறு. அவருடைய போனிலேயே ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்து, அரசு ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம் இந்த வாரமே காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்த நகத்துக்குப் பாலிஷ் போட வேண்டாம்.