வாங்குபவர் ஒருவர், விற்பவரும் ஒருவரா?

(இயந்திரவியல் இரண்டாமாண்டு மாணவன், இலுப்பூர்)



கம்பெனியும் கம்பெனியும் சேர்வது பேப்பரில் அடிக்கடி வரும் செய்தி. பேங்க் சேர்ந்தது, போன் கம்பெனி சேர்ந்தது என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பி விடுகிறோம். ஆனால் பீரங்கியும் ஏவுகணையும் செய்கிற கம்பெனிகள் சேர்ந்தால்?

இதை முதலில் என் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் புரியாததை மலரில் எழுதக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம்! "நம்ம பக்கம் போர் போடுற வண்டி ரெண்டே ரெண்டுன்னு வைங்கப்பா. ரெண்டு ஓனரும் ஒண்ணாச் சேர்ந்துட்டா?" என்றேன். "அடிக்கு அவன் சொல்றதுதான் ரேட்டு. கட்டுப்படி ஆகலேன்னா வேற ஊர் வண்டியக் கூப்பிட வேண்டியதுதான்" என்றார்.

ராணுவத்துக்கு வேற ஊர் என்றால் வேறு நாடு. அங்கேதான் சிக்கல். 1998ல் பொக்ரானில் நாம் அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் அமெரிக்கா தடை போட்டது. பின்னாளில் தேஜஸ் என்று பெயர் பெற்ற போர் விமானத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக, லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனியோடு சேர்ந்து நம் என்ஜினீயர்கள் செய்து வந்த வேலை அப்படியே நின்றது. ஆகவே உள்நாட்டில் இரண்டாவது ஆள் இருப்பது விலைக்காக மட்டும் அல்ல, பாதுகாப்புக்காகவும்தான்.

அதே லாக்ஹீட் கதை இன்னொன்றும் உண்டு. 1990களில் பனிப்போர் முடிந்து ஆர்டர் குறைந்தபோது, "சேர்ந்து பிழைத்துக் கொள்ளுங்கள்" என்கிற தோரணையில் அமெரிக்க அரசே இணைப்புகளை ஊக்குவித்தது. 51 ஆக இருந்த பெரிய கம்பெனிகள் 5 ஆகிவிட்டதாக அவர்களுடைய பாதுகாப்புத் துறையே 2022ல் அறிக்கை கொடுத்தது. அந்த வருஷம் ஜனவரியில், ராக்கெட் மோட்டார் செய்யும் ஏரோஜெட் ராக்கெட்டைன் கம்பெனியை லாக்ஹீட் 440 கோடி டாலருக்கு வாங்குவதைத் தடுக்க அரசின் வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. காரணம் எளிது. லாக்ஹீடோடு போட்டி போடும் மற்ற ஏவுகணைக் கம்பெனிகளுக்கும் மோட்டார் அங்கிருந்துதான் போகிறது. மோட்டார் கடை எதிராளி கைக்குப் போனால் சப்ளை என்ன ஆகும், ரகசியம் என்ன ஆகும்? பிப்ரவரியிலேயே லாக்ஹீட் பின்வாங்கியது. ஆனால் 2023ல் எல்3ஹாரிஸ் என்ற கம்பெனி அதே ஏரோஜெட்டை வாங்கியபோது யாரும் தடுக்கவில்லை. சேர்வது குற்றமில்லை, யாரோடு யார் சேர்கிறார் என்பதே கேள்வி.

இனி நம்ம பக்கம். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966ல் வந்தது. தொட்டாற்போல் உள்ள 'ஹேப்' தொழிற்சாலையில் டாங்கியைத் துளைக்கும் குண்டின் டங்ஸ்டன் ஊசியைச் செய்கிறார்கள். இரண்டும் ஒரே வாரியத்தின் கீழ் இருந்தன. 2021 அக்டோபர் 1 அன்று அந்த வாரியத்தின் 41 தொழிற்சாலைகளையும் 7 அரசுக் கம்பெனிகளாகப் பிரித்தார்கள். துப்பாக்கித் தொழிற்சாலை கான்பூர் கம்பெனிக்கும், ஹேப் புனே கம்பெனிக்கும் போனது. பக்கத்து வீடுகள், வேறு வேறு தலைமை! தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய அந்த வருஷமே தனிச் சட்டம் வந்தது.

7 என்றதும் ஏழு பேர் போட்டி போடுவார்கள் என்று நான் நினைத்தேன். அப்படி இல்லை. ரைபிள் செய்யும் திருச்சி, இச்சாபூர், கான்பூர் மூன்றும் ஒரே கம்பெனி. டாங்கி எல்லாம் ஆவடிக் கம்பெனி. பொருளுக்கு ஒரு கம்பெனி என்று பிரித்தால் அந்தப் பொருளுக்குப் போட்டி ஏது? போட்டி வெளியில் தனியாரிடமிருந்துதான் வருகிறது. வரட்டும். ஆனால் டங்ஸ்டன் பொடியை அச்சில் அழுத்தி, உலையில் சின்டரிங் செய்கிற கைகள் ஆர்டர் இல்லாமல் கலைந்து போனால், யுத்தம் வந்த பிறகு பேப்பரில் விளம்பரம் கொடுத்துத் தேட முடியுமா? அங்கே அப்ரண்டிஸாகப் போக ஆசைப்படும் நமக்கும் இது சொந்தக் கவலைதான்.

எனக்குப் பிடித்தது பீரங்கி விஷயம். டி.ஆர்.டி.ஓ. வடிவமைத்த 'ஏடாக்ஸ்' பீரங்கி 307 வாங்க 2025 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டார்கள். பாரத் ஃபோர்ஜுக்கு 184, டாடாவுக்கு 123. குறைந்த விலை சொன்னவருக்கே முழுவதையும் கொடுக்காமல், இரண்டு பட்டறையிலும் அடுப்பு எரிய விட்டார்கள்.

நாளை இப்படிப்பட்ட இரண்டு கம்பெனிகள் சேர விரும்பினால்? 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 5, 6 பிரிவுகளின்படி, பெரிய இணைப்பு என்றால் இந்தியப் போட்டி ஆணையத்தின் அனுமதி வேண்டும். 150 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். இது ஒரு வாசல். வெளிநாட்டுப் பணம் 74 சதவீதத்துக்கு மேல் வந்தால் அரசின் அனுமதி வேண்டும் என்பது இன்னொரு வாசல். ஆனால் 54ஆம் பிரிவு இருக்கிறதே, அதன்படி நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லி மத்திய அரசு முதல் வாசலிலிருந்து விலக்குக் கொடுக்கலாம். அவசரத்துக்கு அது தேவைதான். என்றாலும், பாதுகாப்பு என்ற பெயரில் போட்டியைக் கொன்றால் கடைசியில் பாதுகாப்பே ஒரே ஆளிடம் மாட்டிக் கொள்ளும் என்பது என் கட்சி.

எல்லாம் கேட்டுவிட்டு அப்பா ஒன்று கேட்டார். "சரிடா, ரெண்டு வண்டிக்காரனும் சேராமலே ராத்திரியில உக்காந்து ரேட்டு பேசிக்கிட்டா?"

அதற்கு அதே சட்டத்தில் 3ஆம் பிரிவு இருக்கிறது. அதை அடுத்த வருட மலரில் எழுதுகிறேன்.